நடுவில் தேய்ந்த பாக்ஸை இறுக்கினால் வளைவில் சிக்கும்

கேள்வி: அண்ணா, வணக்கம். ஏற்காடு மஞ்சக்குட்டைப் பக்கம் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்திருந்த பழைய மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பை இப்போது நான் ஓட்டுகிறேன். ஸ்டீயரிங்கில் அரைச் சாணுக்கு மேல் ஆட்டம் இருந்தது. நேர் ரோட்டில்கூட வண்டி இரண்டு பக்கமும் அலையும். உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஸ்டீயரிங் பாக்ஸின் பக்க மூடியில் இருக்கும் திருகை இறுக்கிவிட்டார். நேராகப் போகும்போது ஆட்டம் குறைந்துவிட்டது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்தால் ஸ்டீயரிங் கெட்டியாகச் சிக்குகிறது, தானாகத் திரும்பி வருவதில்லை. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்துக் கடையலாம் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பவர் ஸ்டீயரிங் வைத்துவிடு என்கிறார் இன்னொருவர். போன வருஷம் அகலமான டயர் மாற்றினேன். மழைக்காலத்தில் தோட்டத்து மண் பாதையிலும் இந்த வண்டிதான் ஓட வேண்டும். என்ன செய்வது? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம்மா. முதல் வேலையாக அந்தத் திருகைப் பழைய இடத்துக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். பாக்ஸ் வேலை முடியும் வரை வண்டியைச் சேலத்துக்கு இறக்க வேண்டாம். அடிவாரத்துக்கு வரும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; குப்பனூர் வழியும் மலை ரோடுதான். தளர்த்தினால் ஆட்டம், இறுக்கினால் சிக்கல் என்ற நிலையில் இருக்கும் வண்டிக்கு இரண்டு வழியும் ஆகாது. வண்டி உங்கள் ஷெட்டிலேயே நிற்கட்டும். பாக்ஸை மட்டும் கழற்றிச் சேலத்துக்கு வரும் பிக்கப்பில் ஏற்றி அனுப்பினால் போதும். கழற்றுவது, மாட்டுவது இரண்டையும் மேலேயே செய்துகொள்ளலாம்.

படத்தைப் பார்த்தேன். முன்னால், தள்ளும் அசைவைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பெல் கிராங்க் இருக்கிறது, பாக்ஸும் பழைய வில்லிஸ் காலத்து ராஸ் வகைதான். 1947-ல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தபோது கூடவே வந்த அமைப்பு இது. உள்ளே இருப்பது கொஞ்சம்தான். ஸ்டீயரிங் தண்டின் அடியில் திருகு வெட்டிய வார்ம். அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து நகரும் இரண்டு கூம்பு முனைப் பின்கள். பின்களைத் தாங்கும் லிவர் ஷாஃப்ட். அதன் மறுமுனையில், பாக்ஸுக்கு வெளியே நிற்கும் டிராப் ஆர்ம் என்ற கை. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வார்ம் சுற்றும், பின்கள் பள்ளத்தில் ஏறி இறங்கும், ஷாஃப்ட் திரும்பும், டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும்.

உங்கள் மெக்கானிக் இறுக்கிய திருகு அந்த லிவர் ஷாஃப்டை உள்ளே தள்ளுகிறது. ஷாஃப்ட் உள்ளே போகப் போகப் பின்கள் பள்ளத்தில் ஆழமாக இறங்கும், ஆட்டம் குறையும். அதற்காகத்தான் அந்தத் திருகை வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பாக்ஸைச் செய்யும்போதே வார்மின் நடுப்பகுதியைச் சற்று நெருக்கமாகவும், இரண்டு ஓரங்களையும் சற்றுத் தளர்வாகவும் வெட்டியிருப்பார்கள். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, அதனால் தேய்மானம் முழுக்க நடுவில்தான் விழும். இத்தனை வருஷ ஓட்டத்தில் நடுவில் இருந்த அந்த நெருக்கம் தேய்ந்து போயிருக்கும். ஓரங்கள் ஏறக்குறைய புதுசாகவே இருக்கும். இப்போது நடுவில் ஆட்டம் போகும் அளவுக்குத் திருகை இறுக்கினால், பின்கள் ஓரத்துக்குப் போகும்போது அங்கே இடம் போதாது. கொண்டை ஊசியில் முழுக்க ஒடிக்கும்போது பின்கள் ஓரத்துக்குத்தான் போகின்றன. அங்கே இரும்பு இரும்பைக் கவ்வுகிறது. ஸ்டீயரிங் தானாகத் திரும்பாததற்கும், கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருப்பதற்கும் இதுதான் காரணம். அப்படியே ஓட்டினால் பின்களின் முனை சீக்கிரம் தட்டையாகிவிடும், பேரிங் குண்டுகளும் அடி வாங்கும்.

அதனால் இந்தத் திருகைத் தேய்மானத்துக்கு மருந்தாக நினைக்கக் கூடாது. நல்ல பாகங்களைப் பூட்டி முடித்ததும் கடைசியாக அளவு வைப்பதற்கு மட்டும்தான் அது.

சரி, ஆட்டம் முழுக்கப் பாக்ஸிலிருந்துதான் வருகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வண்டிகளில் ஆட்டம் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் கைக்கு வரும். பாக்ஸ் பெரிதாகக் கண்ணில் படுவதால் பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது. பாக்ஸைக் கழற்றும் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வண்டி சமதளத்தில், சக்கரம் தரையில், என்ஜின் நின்றிருக்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டத்தின் அளவுக்கு மட்டும் மெதுவாக அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதலில் டிராப் ஆர்மைப் பாருங்கள். மேலே வளையம் அசைந்தும் டிராப் ஆர்ம் அசையாமல் இருந்தால், அந்த அளவு ஆட்டம் பாக்ஸுக்குள் இருக்கிறது. டிராப் ஆர்மின் ஸ்பிளைன், அதாவது உள்ளே வெட்டிய பற்கள், ஷாஃப்டின் மேலேயே நழுவுகிறதா என்று விரலை இரண்டிலும் சேர்த்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணை விட விரல் இதற்கு நல்லது. அடுத்து, பாக்ஸே சேஸிஸின் மேல் அசைகிறதா என்று பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கலாம். அதை விட மோசம், போல்ட் துளையைச் சுற்றிச் சேஸிஸில் விரிசல் விட்டிருக்கலாம். இந்த ஜீப்புகளில் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விடுவது சகஜம். மண்ணும் கிரீஸும் மூடியிருந்தால் தெரியாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டீசலில் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். துருக்கோடு ஒன்று மயிர் போல ஓடியிருந்தால் அதுதான் விரிசல்.

பிறகு டிராக் லிங்க், டிராப் ஆர்மையும் பெல் கிராங்க்கையும் இணைக்கும் குழாய். உங்கள் வண்டியில் இது பழைய மாதிரி, குழாய் முனைக்குள் பந்து, அதைக் கவ்வும் இருக்கை, ஸ்பிரிங், வெளியே திருகு மூடி, அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் என்று இருக்கும். ஸ்பிரிங் உடைந்து உள்ளேயே கிடந்தாலும் வெளியே தெரியாது. அந்த மூடியை முழுக்க இறுக்கிவிட்டு, பந்து தாராளமாகத் திரும்பும் அளவுக்குக் கொஞ்சம் பின்வாங்கிக் காட்டர் பின் போட வேண்டும். இறுக்கிய நிலையிலேயே பின்னை மாட்டிவிடக் கூடாது.

அடுத்தது பெல் கிராங்க். என் கணக்கில் உங்கள் ஆட்டத்தில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கும். டிராக் லிங்க் முன்னும் பின்னும் தள்ளுவதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றித் தருவது இது. சக்கரங்கள் வாரியடிக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் நேர் வழியில் இருக்கிறது. இதில் இருக்கும் கிரீஸ் நிப்பிளுக்குப் பெரும்பாலும் யாரும் கிரீஸ் வைப்பதில்லை. பெல் கிராங்க்கின் கையைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் மட்டும்தான் திரும்ப வேண்டும். மேலும் கீழும் சாய்ந்தால் உள்ளே பின்னும் பேரிங்கும் போய்விட்டது என்று அர்த்தம். பெல் கிராங்க் சுற்றும் பின்னின் அருகில் மிகச் சின்னச் சாய்வு இருந்தாலும், கையின் நுனியில் அது பல மடங்காகும், ஸ்டீயரிங் வளையத்தில் அதற்கும் மேல். பாக்ஸைப் புதுசாக மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டவர்கள், செலவு செய்தும் ஆட்டம் போகவில்லையே என்று வந்து நிற்பார்கள்.

சக்கரங்களுக்கு அசைவைக் கொண்டு போகும் டை ராட்களின் முனைகளைப் பார்த்தாகிவிட்டால், ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். சேஸிஸுக்கு அடியில் கட்டாயம் ஸ்டாண்ட் வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கா, சக்கரம் ஒடியும் அச்சான கிங் பின்னின் பேரிங்கா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்தும் ஆட்டம் இருந்தால் கிங் பின். மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங். கிங் பின்னுக்கு ஷிம், அதாவது மெல்லிய தகடு, எடுத்துச் சரி செய்துகொள்ளலாம். கடைசியாகக் கமான் பட்டைகளைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட். ஆக்ஸிலே பட்டையின் மேல் நழுவும் வண்டிக்கு எந்தப் பாக்ஸ் போட்டாலும் நேராகப் போகாது.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஸ்டீயரிங் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. 17 அங்குல வளையத்தில் 30 டிகிரி என்பது ஓரத்தில் ஏறத்தாழ நாலரை அங்குலம், நீங்கள் சொன்ன அரைச் சாண். அதாவது உங்கள் வண்டி சட்டத்தின் எல்லையைத் தாண்டி நின்றிருந்தது. அந்த எல்லையும் தாராளமானது. மலையில் ஓடும் வண்டிக்கு வளையத்தின் ஓரத்தில் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கொள்கை. பழைய ராஸ் பாக்ஸிலும் ஒழுங்காக வேலை செய்தால் அது வரும்.

இனி பாக்ஸைக் கழற்றுவது. ஸ்டீயரிங் வளையத்தைப் புல்லர் என்ற இழுப்பான் போட்டு எடுக்க வேண்டும். ஹார்ன் ஒயர் தண்டின் உள்ளே போகிறது, முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். டிராப் ஆர்மும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் பஞ்சால் ஒரு புள்ளி அடித்து அடையாளம் வையுங்கள். டிராப் ஆர்மையும் புல்லரால்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய்ப் பின்களிலும் வார்மிலும் விழும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மெக்கானிக்கிடம் கண்டிப்பாக இருங்கள். புல்லர் இல்லை என்றால் வாங்கி வரச் சொல்லுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

பாக்ஸைத் திறந்தால் உள்ளே கெட்டி கிரீஸ் அடைத்திருப்பதைப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். லிவர் ஷாஃப்டின் ஆயில் சீல் போய், கியர் ஆயில் ஒழுகத் தொடங்கியதும், சீல் மாற்றுவதற்குப் பதிலாகச் சேஸிஸ் கிரீஸை அடைத்துவிடுவது பல இடங்களில் பழக்கம். வார்ம் முதல் சுற்றில் அந்தக் கிரீஸைத் தோண்டி ஒதுக்கிவிடும். ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வழிந்து வராது. சுவரில் அப்பிய சேறு மாதிரி ஓரத்திலேயே நிற்கும், நடுவில் இரும்பு வறண்டு ஓடும். அப்படி ஓடிய பாக்ஸில் வார்மின் நடுப்பள்ளம் கறுத்து, சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். சீல் மாற்றிக் கியர் ஆயிலே ஊற்றுங்கள். சீல் புதுசு, ஷாஃப்ட் வழுவழுப்பு என்றால் ஆயில் நிற்கும்.

எல்லாவற்றையும் கழுவிக் காய வைத்த பிறகு வெயிலில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் குழி தெரியாது. இரண்டு பின்களின் கூம்பு வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் தட்டையாகி இருக்கிறதா? நகத்தால் வார்மின் பள்ளத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுங்கள். நடுவில் நகம் தட்டினால் வார்ம் போய்விட்டது. மேலும் கீழும் உள்ள பேரிங் குண்டுகளும் கிண்ணங்களும் மங்கிப் போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். அப்புறம் லிவர் ஷாஃப்டைப் பாக்ஸுக்குள் வைத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அங்கே புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்கிறது, பின்கள் பள்ளத்தில் கோணலாக உட்காருகின்றன, சீலும் ஒரு பக்கம் அறுபடுகிறது. ஆயில் ஒழுகுவதற்கு மூலக் காரணமே பல நேரம் இந்தப் புஷ்தான்.

புஷ் வேலைக்குச் சேலத்தை விட நல்ல ஊர் எது? இந்தப் பக்கம் லாரித் தொழில் வளர்ந்ததோடு லேத் பட்டறைகளும் வளர்ந்தன, கையில் பக்குவம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெண்கலப் புஷ் கடைந்து அழுத்தி ஏற்றுவது அவர்களுக்குச் சாதாரண வேலை. ஆனால் இரண்டு புஷ்ஷையும் தனித்தனியாகத் துளை பெரிதாக்கக் கூடாது, துளையைச் சீராக்கும் ரீமர் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஷாஃப்டைக் கூடவே கொடுத்து, அதற்கு ஒப்ப வைத்து வாங்க வேண்டும். ஆயில் தடவிய ஷாஃப்ட் விரலால் சுழற்றினால் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் அசைவே தெரியக் கூடாது.

வெல்டிங் வைத்துக் கடையலாம் என்று சொன்னவருக்கு என் பதில்: கூடாது. வார்ம், பின்கள், லிவர் ஷாஃப்ட் எல்லாம் சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துக் கடினப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய்விடும், அதை ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கடைந்து பளபளப்பாகக் கொடுத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முறியும்போது முன்னறிவிப்பு கொடுக்காது. டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் எதிலும் வெல்டிங் வேண்டாம். வளைந்ததைக் காய்ச்சி நிமிர்த்துவதும் வேண்டாம். என்ஜினில் ஏதாவது முறிந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இதில் ஒன்று முறிந்தால் வளைவில் வண்டியைத் திருப்ப உங்கள் கையில் எதுவும் இருக்காது. வார்மும் பின்களும் போயிருந்தால் மாற்றுப் பாகம்தான் வழி. இந்த வகைப் பாக்ஸுக்கு உள் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சேலத்தில் அகப்படாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் விசாரிக்கலாம். பழைய பாகம் வாங்கினால் அதற்கும் நகச் சோதனை செய்துவிட்டுக் காசு கொடுங்கள். சேஸிஸில் விரிசல் இருந்தால் அது வேறு கதை. விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தி, வெல்டிங் வைத்து, உள்பக்கம் தகடு கொடுத்து வலுப்படுத்தலாம், தெரிந்த கை செய்ய வேண்டும்.

பூட்டும்போது வரிசை முக்கியம். முதலில் வார்ம். லிவர் ஷாஃப்ட் இல்லாமல் வார்மை மட்டும் பேரிங்கோடு உட்கார வைத்து, மேல் மூடியின் அடியில் உள்ள ஷிம்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தண்டை மேலும் கீழும் இழுத்தால் அசைவு இருக்கக் கூடாது, திருப்பினால் மிக லேசான பிடிப்பு மட்டும் கையில் தெரிய வேண்டும். இது சரியாகாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பிறகு லிவர் ஷாஃப்டை ஏற்றிப் பக்க மூடியைப் போட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரி பாதியில் நிறுத்துங்கள். அந்த நடு இடத்தில்தான் திருகை இறுக்க வேண்டும். நடுவைத் தாண்டும்போது கையில் ஒரு மெல்லிய தடை தட்டுப்பட வேண்டும். இரண்டு ஓரத்துக்கும் போனால் தடையே இல்லாமல் தாராளமாக ஓட வேண்டும். திருகை ஸ்குரூ டிரைவரால் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள், இல்லாவிட்டால் நட்டோடு திருகும் திரும்பிவிடும். ஆயில் ஊற்றியபின் ஓரம் வரை மறுபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

வண்டியில் மாட்டும்போது முதலில் சேஸிஸ் போல்ட்கள், கடைசியில்தான் டாஷ்போர்டு அடியில் தண்டைப் பிடிக்கும் கிளாம்பு. கிளாம்பை முதலில் இறுக்கிவிட்டால் தண்டு வலிந்து வளைந்து நிற்கும், நன்றாகச் செய்த பாக்ஸ்கூடக் கெட்டியாக இருக்கும். கிளாம்பு தளர்வாக இருக்கும்போது தண்டு எங்கே தானாக உட்காருகிறதோ, அங்கேயே பிடிக்க வேண்டும். தேவையானால் கிளாம்பின் துளையை நகர்த்துங்கள், தண்டை இழுக்காதீர்கள். சக்கரம் நேராக, பாக்ஸ் அதன் நடுவில் இருக்கும்போது டிராப் ஆர்ம் நீங்கள் அடித்த புள்ளியில் உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் வளைவு குறைவாக ஒடியும். மலையில் அது ஆகாது.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டிக்கு வில்லிஸ் காலத்தில் 6.00-16 என்ற ஒல்லியான டயர்தான் வந்தது. பாக்ஸும் பெல் கிராங்க்கும் அந்த டயரின் பாரத்துக்குச் செய்தவை. அகலமான டயர் நின்ற இடத்தில் திருப்பும்போது தரையில் அரைபடும், அந்தப் பாரம் முழுக்கப் பின்களின் கூம்பு முனையில்தான் வந்து நிற்கும். சேறு நிறைந்த தோட்டப் பாதைக்கு அகலம் நல்லது என்ற நினைப்பும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நம் மலை மண்ணில் மேலே சேறு, அடியில் கெட்டியான தரை. ஒல்லியான, பல் ஆழமான டயர் சேற்றை வெட்டிக் கெட்டித் தரையைப் பிடிக்கும். என்னைக் கேட்டால் பழைய அளவுக்கே திரும்பிப் போகச் சொல்வேன். அத்தோடு டோ இன் (சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நிற்கும் அளவு), காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் அளவு) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காஸ்டர் 3 டிகிரி இருக்க வேண்டிய வண்டி இது. கமான் பட்டை தளர்ந்தாலோ, உயரம் கூட்ட ஷேக்கிளை நீட்டினாலோ காஸ்டர் குறைந்துவிடும். அப்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரும் குணம் போய்விடும், அதற்கும் பாக்ஸ்தான் திட்டு வாங்கும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் சாய்வுத் தகடு கொடுத்து இதைச் சரி செய்யலாம்.

இப்போது பவர் ஸ்டீயரிங். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்னதை எல்லாம் செய்யாமல் அதை வைப்பது ஆபத்து. பவர் ஸ்டீயரிங் பாரத்தைக் குறைக்கும், ஆட்டத்தைக் குறைக்காது. உங்கள் கையின் பலத்தை விடப் பல மடங்கு பலம் தேய்ந்த பெல் கிராங்க்கிலும் விரிசல் விட்ட சேஸிஸிலும் போய் விழும். கை முன்பு உணர்ந்த எச்சரிக்கையும் இனி வராது.

மேம்படுத்த வேண்டும் என்றால் நான் முதலில் பார்ப்பது ரீசர்க்குலேட்டிங் பால் வகைப் பாக்ஸ், பவர் இல்லாதது. மாருதி ஜிப்ஸியில் இருப்பது அந்த வகைதான். வார்முக்கும் நட்டுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள் உருண்டு ஓடும், உரசல் குறைவு, தேய்மானமும் குறைவு. ராஸ் பாக்ஸின் விகிதம், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்கும் டிராப் ஆர்ம் திரும்பும் அளவுக்கும் உள்ள விகிதம், நடுவில் 12-க்கு 1, ஓரங்களில் 14-க்கு 1. பால் வகைப் பாக்ஸ்களில் இது பொதுவாக இன்னும் அதிகம். அதனால் கைக்கு லேசாக இருக்கும், ஆனால் கொண்டை ஊசியில் அதிகச் சுற்று திருப்ப வேண்டும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. வேலை செய்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். டிராப் ஆர்ம் பழைய பாக்ஸ் ஆடிய அதே திசையில் ஆடுகிறதா? பாக்ஸை மாற்றும்போதும் இடம் மாற்றும்போதும் திசை தலைகீழாகிவிட்டால், இடது பக்கம் திருப்பினால் வண்டி வலது பக்கம் போகும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸின் இரண்டு பக்கமும் தகடு கொடுக்கிறாரா? பெல் கிராங்க்கை எடுத்துவிட்டு நேராக லிங்க் கொடுப்பதாக இருந்தால், பட்டை ஏறி இறங்கும்போது லிங்க் வண்டியை ஒரு பக்கம் இழுக்காதபடி கோணம் பார்த்திருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பலாம். சமதளத்தில் நன்றாக ஓடிவிட்டு, குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் வண்டிகளுக்கு இந்தக் கோணம்தான் காரணம்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்றால் பம்ப், பெல்ட், ஹோஸ், ஆயில் டேங்க் எல்லாம் வரும். என்ஜினில் பம்ப் பூட்ட நல்ல இடம் வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என்ஜினை அணைத்து உருட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால், அந்த வண்டிக்கு இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். என்ஜின் நின்றால் உதவி நின்றுவிடும், பழைய ஸ்டீயரிங்கை விடக் கெட்டியாகிவிடும். அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் போடச் சொல்லியும் யாராவது வருவார்கள். எல்லா ஆட்டத்தையும் எடுத்த பிறகு போட்டால் கல் பாதையில் கைக்கு நல்லது. ஆட்டத்தை மறைக்கப் போடுவது கூடாது.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது: ராஸ் பாக்ஸைப் புதுப்பித்து, பெல் கிராங்க்குக்குப் புதுப் பின்னும் பேரிங்கும் போட்டு, டயரைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கை வலிக்கிறது என்றால் பால் வகைப் பாக்ஸுக்குப் போகலாம். முதலில் செய்த வேலையில் புஷ்ஷும் உள் பாகங்களும் தவிர மீதி எல்லாம் அப்போதும் பயன்படும்.

காகித விஷயம் ஒன்று. தனியார் வண்டியின் ஆர்.சி. 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியைப் பரிசோதிப்பார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. அதே வகைப் பாகத்தைப் போட்டுப் புதுப்பிப்பதற்கு இந்தச் சிக்கல் இல்லை. பாக்ஸ் வகையையே மாற்றுவதாக இருந்தால், காசு செலவழிக்கும் முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள். பாகம் வாங்கிய பில், லேத் கூலி பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதும், முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒரு முறை பாக்ஸ் போல்ட், டிராப் ஆர்ம் நட், எல்லாக் காட்டர் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் புஷ்ஷும் பின்களும் உட்கார்ந்த பிறகு திருகில் சின்ன மாற்றம் தேவைப்படலாம். அதையும் நடு இடத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். பெல் கிராங்க் நிப்பிளுக்கு மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை, பழைய கிரீஸ் அழுக்கோடு வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடியுங்கள்.

பாக்ஸைத் திறந்ததும் கழுவிய வார்மையும் இரண்டு பின்களையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வார்மை நடுப்பள்ளம் மேலே தெரியும்படி ஒரு படம், திருப்பி வைத்து இன்னொரு படம். அதைப் பார்த்தால் புஷ், பேரிங், சீல் மட்டும் போதுமா, வார்மும் பின்களும் வாங்க வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் எந்தப் பாகத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.